ஐந்து செட்டும் மூன்று செட்டும்: டென்னிசில் போட்டி எது, சுவாரசியம் எது?

2005 ஜூலை 2, சனிக்கிழமை. விம்பிள்டன் மைய அரங்கில் பெண்கள் ஒற்றையர் இறுதி ஆட்டம். லிண்ட்சே டேவன்போர்ட்டிடம் முதல் செட்டை இழந்த வீனஸ் வில்லியம்ஸ், மூன்றாவது செட்டில் தோல்விக்கு ஒரு புள்ளி தூரத்தில் நின்று மீண்டெழுந்து 4-6, 7-6, 9-7 என வென்றார். இரண்டே முக்கால் மணி நேரம் நீடித்த அந்த ஆட்டமே விம்பிள்டனின் பெண்கள் இறுதி ஆட்டங்களில் மிக நீண்டது. மறுநாள் ஆண்கள் இறுதி ஆட்டத்தில் ரோஜர் ஃபெடரர் ஆண்டி ரோடிக்கை 6-2, 7-6, 6-4 என மூன்றே செட்டுகளில் வென்றார். ஆட்டம் இரண்டு மணி நேரத்தைத் தொடவில்லை. சனிக்கிழமை ஆடப்பட்டவை 39 கேம்கள், ஞாயிற்றுக்கிழமை ஆடப்பட்டவை 31. ஃபெடரர் பெற்ற பரிசு 6,30,000 பவுண்டு, வீனஸ் பெற்றது 6,00,000 பவுண்டு. இந்த 30,000 பவுண்டு வேறுபாட்டுக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் முதன்மையானது, ஆண்கள் ஐந்து செட் ஆடுகிறார்கள், பெண்கள் மூன்று செட்தான் ஆடுகிறார்கள் என்பது.

இறுதி ஆட்டத்துக்கு முந்தைய நாள் வீனஸ் வேறொரு களத்திலும் இறங்கியிருந்தார். நான்கு கிராண்ட்ஸ்லாம் போட்டிகளின் நிர்வாகிகள் கூடிய அறைக்குச் சென்று, கண்களை மூடிக்கொண்டு ஒரு சிறுமியின் இடத்தில் தங்களை வைத்துப் பார்க்குமாறு அவர்களைக் கேட்டுக்கொண்டார். அன்று எந்த முடிவும் எடுக்கப்படவில்லை. 2006-இல் வேறுபாடு அப்படியே நீடித்தது (6,55,000 பவுண்டும் 6,25,000 பவுண்டும்). 2007-இல்தான் இருவருக்கும் 7,00,000 பவுண்டு எனச் சமமாயிற்று. அவ்வாண்டு அத்தொகையைப் பெற்றவர்களும் ஃபெடரரும் வீனஸுமே.

டென்னிசில் ஆண், பெண் ஆட்டங்களை ஒப்பிடும் விவாதங்களில் மூன்று கேள்விகள் எப்போதும் ஒன்றாகப் பிசையப்படுகின்றன. யார் அதிகம் உழைக்கிறார்கள்? எந்த ஆட்டத்தில் போட்டி கடுமையானது? எதைப் பார்க்கச் சுவாரசியமாக இருக்கிறது? இவை மூன்றும் ஒன்றல்ல. ஒன்றுக்கு விடை கிடைத்ததும் விவாதம் அடுத்ததற்குத் தாவிவிடுகிறது. இந்தத் தாவலுக்கும் ஒரு வரலாறு உண்டு.

பெண்களால் ஐந்து செட் ஆட இயலாது என்பது இயற்கை விதி போலப் பலரால் சொல்லப்படுகிறது. அமெரிக்கத் தேசியப் போட்டியின் ஏடுகள் வேறு கதை சொல்கின்றன. 1891 முதல் 1901 வரை அங்கே பெண்கள் பிரிவின் இறுதிக் கட்ட ஆட்டங்கள் ஐந்து செட்டுகளாகவே நடந்தன. 1892-இல் மேபல் கேஹில், 16 வயது எலிசபெத் மூரை ஐந்து செட்டுகளில் வென்றார். அதே மூர் 1901-இல் பிலடெல்பியாவில் மேரியன் ஜோன்ஸுக்கு எதிராக முதல் இரு செட்டுகளை இழந்த பின் 4-6, 1-6, 9-7, 9-7, 6-3 என வென்றார். அன்றைய வழக்கப்படி முந்தைய ஆண்டு வெற்றியாளர் களத்துக்கு வெளியே காத்திருப்பார்; மற்றவர்களை எல்லாம் வென்றவர் இறுதியாக அவரைச் சந்திக்க வேண்டும். ஆகவே மறுநாளே மர்ட்டில் மெக்கடீருடன் இன்னொரு ஐந்து செட் ஆட்டம். அதையும் 6-4, 3-6, 7-5, 2-6, 6-2 என மூர் வென்றார். இரண்டு நாளில் 105 கேம்கள். அதுவும் கணுக்கால் வரை தொங்கும் பாவாடையோடு!

இதற்குக் கிடைத்த பரிசு விசித்திரமானது. அமெரிக்க டென்னிஸ் சங்கம் அடுத்த ஆண்டு முதல் பெண்களின் ஆட்டங்களை மூன்று செட்டுகளாகக் குறைத்தது. மூருக்கு இம்முடிவில் உடன்பாடு இல்லை. களைத்து வீழ்ந்தவர் யாரும் இல்லை. ஐந்து செட் ஆடி வென்றவரோ எதிர்க்கிறார். ஆயினும் அவர் நலம் கருதி ஆட்டம் சுருக்கப்பட்டது. பின்னாளில் பெண்களின் குறைந்த ஊதியத்துக்கு நியாயமாகக் காட்டப்பட்ட மூன்று செட், அமெரிக்காவைப் பொறுத்தவரை பெண்கள் கேட்டு வாங்கிய சலுகையன்று.

இதனோடு ஒப்பிட வேண்டிய நிகழ்வு ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் ரோமில் நடந்தது. 2006 மே மாதம் ரோம் மாஸ்டர்ஸ் இறுதி ஆட்டத்தில் நடாலும் ஃபெடரரும் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆடினார்கள். வென்றவர், தோற்றவர் இருவருமே அடுத்த வாரம் ஹாம்பர்க் போட்டியிலிருந்து விலகிக்கொண்டனர். விரைவிலேயே மாஸ்டர்ஸ் இறுதி ஆட்டங்களிலிருந்து ஐந்து செட் முறை நீக்கப்பட்டது. 2007 மயாமி இறுதி ஆட்டமே அவ்வகையில் கடைசி. இன்று ஆண்களின் தொழில்முறைச் சுற்றில் நான்கு கிராண்ட்ஸ்லாம் போட்டிகளைத் தவிர்த்து ஏறக்குறைய எல்லாம் மூன்று செட்தான். இதனால் ஆண்களின் உடல்வலிமை குறித்து எவரும் எந்த முடிவுக்கும் வரவில்லை. அட்டவணை நெருக்கடி என்று புரிந்துகொள்ளப்பட்டது, சரியாகவே. 1901-இல் இந்தப் புரிதல் கிடைக்கவில்லை என்பதுதான் வேறுபாடு.

ஐந்து செட்டை மீண்டும் பெண்களிடம் கொண்டுவந்தவர்களும் உண்டு. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த ஆண்டிறுதிச் சாம்பியன்ஷிப்பில் 1984 முதல் 1998 வரை பெண்கள் இறுதி ஆட்டம் ஐந்து செட் முறையில் நடந்தது. 1990-இல் மோனிகா செலஸ் கேப்ரியேலா சபாட்டினியை 6-4, 5-7, 3-6, 6-4, 6-2 என வென்றபோது, 1901-க்குப் பிறகு முதன்முறையாக ஒரு பெண்கள் ஆட்டம் ஐந்தாவது செட் வரை சென்றது. 1995-இலும் 1996-இலும் ஸ்டெஃபி கிராஃப் ஐந்து செட்டுகளில் வென்றார். ஆனால் 1996-இல் மார்ட்டினா ஹிங்கிஸுடனான ஆட்டத்தின் கடைசி செட் 6-0. நீளம் கூடினால் விறுவிறுப்பும் கூடும் என்பதற்கு அந்தக் கடைசி செட் நல்ல சான்றாகாது.

நீளத்துக்கும் சுவாரசியத்துக்கும் உள்ள உறவை 1984-இல் ரிச்மண்டில் விக்கி நெல்சனும் ஜீன் ஹெப்னரும் ஆடிய ஆட்டம் வேறு வகையில் சோதித்துப் பார்த்தது. இரண்டே செட்டுகள், 6-4, 7-6, எடுத்துக்கொண்ட நேரம் 6 மணி 31 நிமிடம். அதில் ஒரே ஒரு புள்ளிக்காகப் பந்து 643 முறை வலையைத் தாண்டியது. அந்தப் புள்ளி மட்டும் 29 நிமிடம். உழைப்பே அளவுகோல் என்றால் டென்னிஸ் வரலாற்றின் பெரும் பரிசுகளில் ஒன்று இவர்களுக்குப் போயிருக்க வேண்டும். 2010 விம்பிள்டனில் மூன்று நாள்களில் 11 மணி 5 நிமிடம் நீண்டு 70-68 என முடிந்த இஸ்னர்–மஹூ ஆட்டத்தை உலகம் வியந்தது உண்மை. ஆயினும் அதே இஸ்னர் 2018 அரையிறுதியில் ஆண்டர்சனிடம் 26-24 என ஐந்தாவது செட்டை இழந்த பின்னர், விம்பிள்டன் கடைசி செட்டுக்கு டை-பிரேக்கர் கொண்டுவந்து நீளத்துக்குக் கடிவாளம் இட்டது. நீளத்தைப் போற்றிய நிர்வாகமே நீளத்தை அஞ்சியது.

இனிப் போட்டித்தன்மை. இங்கே ஒரு சிறு கணக்கு உதவும். ஓர் ஆட்டக்காரர் ஒவ்வொரு செட்டையும் வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 70 என்று கொள்வோம். மூன்று செட் ஆட்டத்தை அவர் வெல்லும் வாய்ப்பு 78. ஐந்து செட் ஆட்டத்தில் அது 84-ஐ நெருங்கும். எதிராளிக்கு முன்னதில் 22, பின்னதில் 16. அதாவது ஐந்து செட் முறை வலியவரைக் காக்கும் முறை. முதலிரண்டு செட்டுகளில் தடுமாறினாலும் திருத்திக்கொள்ள அவருக்கு அவகாசம் தருகிறது. மூன்று செட் முறையோ எளியவருக்குக் கதவைச் சற்றுத் திறந்து வைக்கிறது. கிராண்ட்ஸ்லாம் போட்டிகளில் முன்னிலை வீராங்கனைகள் முதல் வாரத்திலேயே வெளியேறுவதைக் கண்டு நிலையற்ற ஆட்டம் என்று எழுதுவோர், அந்த நிலையின்மையில் ஒரு பங்கு ஆட்டமுறையால் விளைவது என்பதைக் கணக்கில் கொள்வதில்லை.

இந்த மறதியின் விளைவை 2017, 2018 ஆண்டுகளில் தெளிவாகக் காணலாம். அவ்விரு ஆண்டுகளின் எட்டு கிராண்ட்ஸ்லாம் பெண்கள் பட்டங்களை வென்றவர்கள் எட்டுப் பேர்: செரீனா, ஓஸ்டாபென்கோ, முகுருசா, ஸ்டீஃபன்ஸ், வோஸ்னியாக்கி, ஹாலெப், கெர்பர், ஒசாகா. ஆண்கள் பட்டங்கள் எட்டையும் வென்றவர்கள் மூவர்: ஃபெடரர், நடால், ஜோகோவிச். விளையாட்டுப் பொருளியல் அகராதிப்படி, வெற்றியாளரை முன்கூட்டிச் சொல்ல இயலாத இடத்தில்தான் போட்டி கடுமை. அப்படியானால் அவ்விரு ஆண்டுகளில் போட்டி மிகுந்திருந்தது பெண்கள் டென்னிசில். நடந்த விமர்சனமோ தலைகீழ். ஆண்கள் பிரிவு பொற்காலம் எனப்பட்டது. பெண்கள் பிரிவுக்குத் தலைமை இல்லை, தொடர்ந்து பார்க்கத்தக்க பகைமை இல்லை என்ற குறை எழுந்தது.

சரி, ஒருசிலரின் ஆதிக்கமே சுவாரசியம் தருவது என்று வைத்துக்கொள்வோம். 2005 பிரெஞ்சு ஓப்பனிலிருந்து 2009 விம்பிள்டன் வரை நடந்த 18 கிராண்ட்ஸ்லாம்களில் 17-ஐ ஃபெடரரும் நடாலும் பகிர்ந்துகொண்டனர். 1981 இறுதியில் நடந்த ஆஸ்திரேலிய ஓப்பனிலிருந்து 1985 விம்பிள்டன் வரையிலான 15 கிராண்ட்ஸ்லாம்களையும் மார்ட்டினா நவரத்திலோவாவும் கிறிஸ் எவர்ட்டும் ஒன்றுவிடாமல் பகிர்ந்துகொண்டனர். அவர்கள் இருவரும் சந்தித்துக்கொண்ட ஆட்டங்கள் 80. அவற்றில் 60 இறுதி ஆட்டங்கள். நவரத்திலோவா 43, எவர்ட் 37. இதைவிட நெருக்கமான, நீண்ட பகைமை ஆண்கள் டென்னிசில் இல்லை. ஆனால் அன்று சொல்லப்பட்டது என்ன? இருவரைத் தவிர பெண்கள் டென்னிசில் ஆளில்லை, ஆழமில்லை என்பது. பெண்களில் இருவர் ஆண்டால் ஆழமின்மை, எட்டுப் பேர் வென்றால் தலைமையின்மை. ஆண்களில் இருவர் ஆண்டால் பொற்காலம். பொருள் மாறவில்லை, அளக்கும் படிதான் மாறிக்கொண்டிருந்தது.

ஆயினும் ஆழமின்மைக் குற்றச்சாட்டை முழுவதும் அவதூறு என்று தள்ளிவிடுவது நேர்மையாகாது. 1983-இல் நவரத்திலோவா 86 ஆட்டங்களில் வென்று ஒன்றில் மட்டும் தோற்றார். எவர்ட் 1973 முதல் 1979 வரை களிமண் தரையில் தொடர்ந்து 125 ஆட்டங்களை வென்றார். 1988 பிரெஞ்சு ஓப்பன் இறுதியில் கிராஃப் நடாஷா ஸ்வெரேவாவை 6-0, 6-0 என ஏறக்குறைய அரை மணி நேரத்தில் வீழ்த்தினார். தொடக்கச் சுற்றுகளில் ஒருதலை ஆட்டங்கள் அக்காலத்தில் மிகுதி. ஆனால் ஆழம் என்பது வானத்திலிருந்து பொழிவதன்று. எத்தனை சிறுமியர் மட்டை பிடிக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் அந்த வருவாயில் வாழ முடியும் என்று நம்புகிறார்கள் என்பதைப் பொறுத்தது அது.

அந்த நம்பிக்கைக்கு அடித்தளம் இல்லாதிருந்த காலத்தை நினைவுகொள்ள வேண்டும். தொழில்முறையினருக்குக் கதவு திறந்த முதல் விம்பிள்டனில், 1968-இல், ராட் லேவர் 2,000 பவுண்டு பெற்றார். பில்லி ஜீன் கிங் பெற்றது 750. 1970-இல் லாஸ் ஏஞ்சலஸில் ஜாக் கிராமர் நடத்திய போட்டியில் ஆண் வெற்றியாளருக்கு 12,500 டாலர், பெண் வெற்றியாளருக்கு 1,500. பெண்களின் ஆட்டத்தைப் பார்க்கக் கூட்டம் வருவதில்லை என்பதே இத்தகைய பாகுபாட்டுக்கு அளிக்கப்பட்ட விளக்கம். அதாவது சுவாரசிய வாதம். அதற்கு விடையாக 1970 செப்டம்பர் 23 அன்று ஹூஸ்டனில் ஒன்பது பெண்கள், இதழாசிரியர் கிளாடிஸ் ஹெல்ட்மன் முன்னிலையில் ஆளுக்கு ஒரு டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத் தனிச் சுற்று தொடங்கினர். பணம் வந்தது வர்ஜினியா ஸ்லிம்ஸ் என்னும் சிகரெட் வணிகப்பெயரிலிருந்து. பெண் விடுதலையின் ஓர் அத்தியாயம் புகையிலைக் காசில் எழுதப்பட்டது என்ற முரணை அப்பெண்களும் அறிந்தே இருந்தனர். வேறு யாரும் பணம் தர முன்வரவில்லை.

1973 ஒரே ஆண்டில் பல நிகழ்ந்தன. ஜூனில் லண்டனில் பெண்கள் டென்னிஸ் சங்கம் உருவாயிற்று. அமெரிக்க ஓப்பன், ஒரு வாசனைப்பொருள் நிறுவனத்தின் நிதியுதவியுடன், ஆணுக்கும் பெண்ணுக்கும் 25,000 டாலர் எனச் சமப் பரிசு வழங்கியது. பெற்றவர்கள் ஜான் நியூகோம்பும் மார்கரெட் கோர்ட்டும். செப்டம்பர் 20 அன்று ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமில் 30,472 பேர் முன்னிலையில் பில்லி ஜீன் கிங், 55 வயது பாபி ரிக்ஸை 6-4, 6-3, 6-3 என வென்றார். அந்த ஆட்டம் ஐந்து செட் முறையில் ஏற்பாடானது என்பதை இன்று பலர் மறந்துவிட்டனர். போட்டித்தன்மை பற்றி அது எதையும் நிறுவவில்லை. முன்னாள் விம்பிள்டன் வெற்றியாளரேயாயினும் ரிக்ஸ் அப்போது முதியவர். பெண் ஆடும் டென்னிசுக்குக் கூட்டம் வராது என்ற கூற்றைத்தான் அது ஓரிரவில் சாய்த்தது. உண்மையில் அக்கூற்று 1926-லேயே சாய்ந்திருக்க வேண்டும். அவ்வாண்டு சி. சி. பைல் நடத்திய முதல் தொழில்முறைச் சுற்றில் முதன்மை ஈர்ப்பு சுசான் லாங்லென். 50,000 டாலர் பேசி அழைக்கப்பட்டவர். உடன் சென்ற ஆண்கள் துணைப் பாத்திரங்களே. மேரி பிரவுனுக்கு எதிரான 38 ஆட்டங்களையும் லாங்லென் வென்றார். போட்டி என்று சொல்ல அங்கே ஏதுமில்லை, ஆனாலும் மக்கள் லாங்லெனைப் பார்க்க வந்தார்கள்.

அதற்கு நேர்மாறாக, போட்டி கடுமையாக இருந்தும் பார்ப்பவர் கொட்டாவி விட்ட காலம் ஆண்கள் டென்னிசுக்கு உண்டு. கிராஃபைட் மட்டைகளும் உயரமான ஆட்டக்காரர்களும் சர்வை ஆயுதமாக்கிய 1990-களில் புல்தரை ஆட்டம் இரண்டு மூன்று அடிகளில் முடிந்தது. 1994 விம்பிள்டன் இறுதியில் சாம்ப்ராஸ் இவானிசெவிச்சை 7-6, 7-6, 6-0 என வென்ற ஆட்டம் அதன் உச்சம். டென்னிஸ் செத்துக்கொண்டிருக்கிறதா என்று அவ்வாண்டு ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழ் அட்டையில் கேட்டது. அதே தசாப்தத்தின் பிற்பகுதியில் ஹிங்கிஸ், டேவன்போர்ட், வில்லியம்ஸ் சகோதரியர் கூடியபோது பெண்கள் ஆட்டமே சுவைமிக்கது என்ற பேச்சு எழுந்தது. ஆண்கள் பரிசைக் குறைக்க வேண்டும் என்று அப்போது யாரும் வாதிடவில்லை. விம்பிள்டன் புல்லின் வகையை மாற்றிற்று. 2002 இறுதியில் ஹூவிட்டும் நல்பாண்டியனும் அடிக்கோட்டிலிருந்தே ஆடினர். ஆண்கள் ஆட்டம் அலுத்தபோது தரையைத் திருத்தினார்கள்.

சுவாரசியம் கால அட்டவணையாலும் ஆக்கப்படுவது. அமெரிக்க ஓப்பனில் பல ஆண்டுகள் பெண்கள் இறுதி ஆட்டம் ஆண்களின் இரு அரையிறுதிகளுக்கு நடுவே செருகப்பட்டது. முதல் அரையிறுதி எப்போது முடியுமோ அப்போது தொடங்கும். 1984 செப்டம்பர் 8 அன்று லெண்டில்–காஷ் ஆட்டம் ஐந்து செட் நீள, எவர்ட்டும் நவரத்திலோவாவும் தங்கள் இறுதி ஆட்டத்துக்கு நேரம் தெரியாமல் காத்திருந்தனர். 2001-இல்தான் அந்த இறுதி ஆட்டம் தொலைக்காட்சியின் முதன்மை நேரமான இரவுக்கு மாற்றப்பட்டது. அன்று ஆடியவர்கள் வீனஸும் செரீனாவும். பார்த்தவர் எண்ணிக்கை கோடிகளில். பாரிஸில் நிலை வேறு. 2021 முதல் பிரெஞ்சு ஓப்பனில் தனிச்சீட்டு விற்று நடக்கும் இரவு ஆட்டங்களில் 2022-இல் பத்தில் ஒன்று மட்டும் பெண்களுடையது. 2024-லும் 2025-லும் ஒன்றுகூட இல்லை. சொல்லப்படும் காரணம் பழையதுதான்: ஓர் இரவுக்கு ஓர் ஆட்டம், மூன்று செட் ஆட்டம் விரைவில் முடிந்துவிட்டால் சீட்டு வாங்கியவர் ஏமாறுவார். இரண்டு பெண்கள் ஆட்டங்களை வைக்கலாமே என்ற எளிய கேள்வி அங்கே இன்னும் விடை பெறவில்லை. 2011 ஆஸ்திரேலிய ஓப்பனில் ஸ்கியாவோனேயும் குஸ்னெட்சோவாவும் 4 மணி 44 நிமிடம் ஆடி 16-14 என மூன்றாவது செட்டை முடித்ததும் கணக்கில் வருவதில்லை.

இந்திய வாசகருக்கு இதில் ஓர் அருகாமை உண்டு. சென்னை நுங்கம்பாக்கத்தில் ஆண்களுக்கான ஏடிபி போட்டி 1997 முதல் 2017 வரை இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. பெண்களுக்கான டபிள்யூடிஏ போட்டி அங்கு முதன்முறை நடந்தது 2022-இல். இத்தனைக்கும் இந்நாட்டின் ஒற்றையர் ஆட்டத்தை 2005-இல் வீட்டு வரவேற்பறைக்குக் கொண்டுவந்தவர், ஹைதராபாத்தில் பட்டம் வென்று அதே ஆண்டு அமெரிக்க ஓப்பனில் நான்காம் சுற்றை எட்டிய சானியா மிர்சா.

செட் கணக்கு வெறும் சாக்கு என்பதை 2023 ரோம் போட்டி காட்டிக்கொடுத்தது. ஆணும் பெண்ணும் ஒரே வாரங்களில், ஒரே அரங்கில், மூன்று மூன்று செட் ஆடினார்கள். பெண்களின் மொத்தப் பரிசு ஆண்களுடையதில் பாதிக்கும் குறைவு. இத்தகைய கூட்டுப் போட்டிகளில் சமநிலையை 2027-க்குள் எட்டுவதாகப் பெண்கள் டென்னிஸ் சங்கம் அவ்வாண்டு அறிவித்தது. தனிப் போட்டிகளில் அது 2033-க்குத் தள்ளிப்போயிற்று.

2025 ஜூலை 12 அன்று விம்பிள்டன் இறுதியில் இகா ஸ்வியாடெக் அமெண்டா அனிசிமோவாவை 57 நிமிடத்தில் 6-0, 6-0 என வென்றதும் பழைய வாதம் முழுவதும் புத்துயிர் பெற்றது. ஒரு மாதத்துக்கு முன் அல்காரசும் சின்னரும் பாரிஸில் 5 மணி 29 நிமிடம் ஆடியது ஒப்புக்கு வைக்கப்பட்டது. அதே பாரிஸில் 2008 இறுதியில் நடால் ஃபெடரரை 6-1, 6-3, 6-0 என நசுக்கியதை யாரும் எடுத்துப் பேசவில்லை. அந்த ஆட்டத்தை வைத்து ஆண்கள் டென்னிசின் தகுதியை எவரும் அளந்ததும் இல்லை. விம்பிள்டன் தோல்விக்கு இரண்டு மாதத்துக்குள், நியூயார்க்கில், அமெரிக்க ஓப்பன் காலிறுதியில் ஸ்வியாடெக்கும் அனிசிமோவாவும் மீண்டும் சந்தித்தனர். அனிசிமோவா 6-4, 6-3 என வென்றார்.